கிசுகிசு மாடத்திலிருந்து மூச்சுப் பரிசோதனை வரை

கொஞ்சம் நீளமான த்ரெட்ங்க. டீ எடுத்துட்டு வந்துருங்க 🧵

மயக்க மருந்து குடுத்து தொண்டைக்குள்ள ட்யூப் போட்டதும் நாங்க பாக்குறது கேப்னோகிராஃப் திரையைத்தான். ட்யூப் மூச்சுக்குழாய்ல இருந்தா கார்பன் டை ஆக்சைடு அலை வரும். உணவுக்குழாய்க்குள்ள போயிருந்தா வராது. கவனிக்காம விட்டா சில நிமிஷத்துல உயிர் போயிடும்.

அந்த மெஷினோட சூட்சுமம் சுமார் 4.3 மைக்ரான் அகச்சிவப்பு ஒளி. அதை கார்பன் டை ஆக்சைடு விழுங்கும். மூச்சுல இருக்குற மத்த பல வாயுக்களுக்கும் இப்படித் தனித்தனி நிறங்கள் உண்டு. கீட்டோஅசிடோசிஸ்ல வர்ற சர்க்கரை நோயாளி மூச்சுல அசிட்டோன் வாடை அடிக்குமே, அதுவும் இதுல சேர்த்தி.

எல்லாத்தையும் ஒரே நேரத்துல படிக்கணும்னா? சம இடைவெளியில ஆயிரக்கணக்கான நிறங்கள் வேணும். அதான் 'அதிர்வெண் சீப்பு'. (மில்லுல பஞ்சு சீவுற கோம்பிங் இல்லீங்க, இது ஒளிக்கு!) ஹாலுக்கும் ஹென்ஷுக்கும் 2005 நோபல்ல பங்கு கிடைச்சது இதுக்காகத்தான்.

இப்ப நம்ம திருச்சிக்காரர் சி.வி. ராமன். 1921ல் லண்டன் போனவர், செயின்ட் பால் தேவாலயத்தின் கிசுகிசு மாடத்துல சதர்லாந்தோட சேர்ந்து சோதனை பண்ணார். சுவத்துல வாய் வெச்சு முணுமுணுத்தா எதிர்ப்பக்கம் கேக்கும். ஒலி சுவரை ஒட்டியே வளைஞ்சு போகுதுன்னு ரேலே ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஆனா ராமன் அளந்தப்போ சத்தம் சீரா இல்லை, இடத்துக்கு இடம் கூடியும் குறைஞ்சும் இருந்தது. பிஜப்பூர் கோல் கும்பாஸையும் அவர் விடலை. 1928 எல்லாருக்கும் தெரியும். இதை யாரும் பேசுறதே இல்லை.

அதே வித்தையை ஒளிக்குச் செஞ்சா? மெல்லிய கண்ணாடி வளையத்துக்குள்ள லேசர் சுத்திச் சுத்தி செறிவு ஏறும். ஒரு கட்டத்துல ரெண்டு ஒளித்துகள் சேர்ந்து, ஒன்னு கூடுதல் அதிர்வெண், ஒன்னு குறைவு என்று பிரியும். அது தொடர்ந்தா சீப்பு ரெடி. 2007ல் ஜெர்மனியில கிப்பன்பெர்க் குழு இதைக் காட்டியது.

சிக்கல் என்னன்னா, சாதாரண சிலிக்கா கண்ணாடியே நடு அகச்சிவப்பை விழுங்கிடும். நமக்கு வேண்டிய நிறமோ அங்கதான். அதனால மெக்னீசியம் ஃப்ளோரைடு படிகத்துக்கு மாறினாங்க, 2013ல் 2.5 மைக்ரான் எட்டியது. அப்புறம் சிலிக்கான் சிப்புல 3 மைக்ரானையும் தாண்டியாச்சு.

மூச்சைச் சீப்பால படிச்சது வேற குழு. அமெரிக்காவில ஜுன் யே ஆய்வகம், 2008. 2023ல் கோவிட்டுக்காக 170 பேர் மூச்சைச் சோதிச்சாங்க. ஆனா அந்தக் கருவி பெருசு, சிப் இல்லை. எங்க தியேட்டர்ல இப்பவும் கேப்னோகிராஃப்தான்.