ஆய்வேட்டுக்கு முன் ஒரு வாயில்

பழைய உரோமாபுரியில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெண்மை ஏற்றிய ஆடையை உடுத்து மக்கள் முன் வந்து நின்றார்கள். வெண்ணாடை உடுத்தவர் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லே பின்னாளில் 'கேண்டிடேட்' ஆயிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர் உடனே அப்பெயருக்கு உரியவர் ஆவதில்லை. பாடங்களை முடித்து, துறை முழுவதிலும் சோதிக்கும் தேர்வுகளில் தேறி, ஆய்வுத் திட்டத்தைப் பேராசிரியர் குழுவின் முன் வைத்து ஒப்புதல் பெற வேண்டும். அதுவரை அவர் மாணவர். அதன் பின்னரே பட்டத்துக்கு உரிமை கோரத் தக்கவர். தமிழில் இந்த நிலையைக் குறிக்க வழக்கில் ஒரு சொல் இல்லை. அந்த நிலையே இன்று நம்மிடம் இல்லாதபோது சொல் எங்கிருந்து வரும்?

ஆனால் ஒரு காலத்தில் இருந்தது. காரைக்காலிலிருந்து வடமேற்கே பேருந்தில் சற்றேறக்குறைய ஒரு மணி நேரம் சென்றால் மாயூரம். 1871ஆம் ஆண்டில் அவ்வூரில் தங்கியிருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பதினாறு வயது இளைஞர் ஒருவரை அவருடைய தந்தையார் அழைத்து வந்தார். பிள்ளையவர்கள் அவரைச் செய்யுள் சொல்லச் சொல்லிப் பொருளும் கேட்டார். கேட்ட பின்னும் உடனே இசைந்துவிடவில்லை. வந்தவர்கள் சில காலம் படித்துவிட்டு இடையிலேயே போய்விடுகிறார்கள் என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. உணவுக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்வியும் எழுந்தது. அச்செலவைத் தந்தையார் ஏற்றுக்கொண்டார். புலமை, விடாமுயற்சி, வயிற்றுப்பாடு ஆகிய மூன்றையும் நம் இன்றைய பதிவுப் படிவங்கள் பல பக்கங்களில் கேட்கின்றன. அவ்விளைஞரே உ. வே. சாமிநாதையர். 1876 பிப்ரவரியில் பிள்ளையவர்கள் மறையும்வரை ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அவரை விட்டு நீங்காமல் பயின்றார்.

1880இல் இன்னொரு சோதனை வந்தது. கும்பகோணம் கல்லூரியில் தியாகராச செட்டியார் ஓய்வு பெற விரும்பித் தம் இடத்துக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். கல்லூரித் தலைவர் கோபாலராவ் முதலானோர் முன்னிலையில் அவர் செய்யுள் சொல்லியும் பொருள் விரித்தும் தம்மை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பின்னர்தான் சேலம் இராமசுவாமி முதலியாரின் சந்திப்பு, அதன் விளைவாகச் சிந்தாமணித் தேடல், 1887இல் பதிப்பு. ஆய்வுப் பொருள் அவருக்குக் கிடைத்தது தேர்வுகள் முடிந்த பிறகு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு 1932இல்தான் டாக்டர் பட்டம் அளித்தது, அதுவும் சிறப்புப் பட்டமாக.

பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் ஒப்புதல் கிடைக்க வேண்டுமே. காரைக்காலுக்கு வடக்கே, கடற்கரையை ஒட்டியே இருக்கும் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி 1713இல் செருமனியின் ஆல்லே நகருக்கு அனுப்பினார். அங்கிருந்த பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். சமயம் பரப்பப் போனவர் பிற சமயத்தை ஆராய்ந்து விளக்கியது அவருக்கு உகக்கவில்லை. கையெழுத்துப் படி 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. நூற்றைம்பத்து நான்கு ஆண்டுகள்! ஆய்வுத் திட்டத்துக்கு ஆறு மாதமாக ஒப்புதல் வரவில்லை என்று வருந்தும் இளைஞர்களுக்கு நாம் இக்கதையைச் சொல்வது வழக்கம். அவர்கள் ஆறுதல் அடைவதாகத் தெரியவில்லை.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக முனைவர் பட்டம் பெற்ற முதல்வர் மு. வரதராசனார், ஆண்டு 1948. சங்க இலக்கியத்தில் இயற்கை என்னும் பொருளில் அமைந்த அந்த ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்ந்து எழுதி, 1968இல் நூலாக வெளிவந்த வீரயுகக் கவிதை பற்றிய ஆய்வும் ஆங்கிலமே. இதை அடிமைப் புத்தி என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட நமக்கு மனமில்லை. பிரான்சிலேயே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை முனைவர் பட்டத்துக்கு உரிய இரண்டாவது ஆய்வேட்டை இலத்தீனில் எழுத வேண்டியிருந்தது. அறிஞர் அவை எந்த மொழியில் கேட்கிறதோ அந்த மொழியில்தான் விடை சொல்ல வேண்டும் என்பது எல்லா நாட்டிலும் இருந்த நெருக்கடி.

காரைக்காலில் அந்த மொழி பிரெஞ்சு. ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த ஆண்டுகள் நீங்கலாக 1739 முதல் 1954 நவம்பர் 1 வரை இவ்வூர் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. ஆட்சி போன மறு ஆண்டில் புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தோன்றியது. அதன் இந்தியவியல் நூல் வரிசையில் முதல் எண் பெற்றது எது தெரியுமா? காரைக்கால் அம்மையார் பாடல்கள். கரவேலன் பதிப்பித்து மொழிபெயர்க்க, கண் மருத்துவராக இருந்து இந்தியவியலுக்கு வந்த ழான் ஃபிலியோசா முன்னுரை வழங்க, 1956இல் அது வெளிவந்தது. 1982இல் பிரான்சுவா குரோவின் பின்னுரையுடன் மறுபதிப்பும் வந்தது. ஆங்கிலத்தில் நார்மன் கட்லர் (1987), எலைன் கிராடாக் (2010), கேரன் பெச்சிலிஸ் (2012) ஆகியோரின் நூல்கள் தொடர்ந்தன. ஆனி மாதத்தில் மாங்கனி இறைக்கும் வீதிகளில் பிறந்து வளர்ந்த மாணவி அம்மையாரை ஆய்வுப் பொருளாகக் கொண்டால், இந்த வரிசையை எல்லாம் அறிந்தவளாக இருக்க வேண்டும். அறிந்தாளா என்று எந்தக் கட்டத்தில் யார் கேட்கிறார்கள்?

இங்கேதான் நமக்கு வருத்தம். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் நுழைவுத் தேர்வையும் ஒரு பருவப் பாடத்தையும் கட்டாயமாக்கியது. 2016இல் விதிகள் மாறின. 2022 நவம்பரில் வந்த விதிகள் குறைந்தது 12 மதிப்பலகுக்குப் பாடமும், மூன்று முதல் ஆறு ஆண்டுக் கால வரம்பும் வகுத்தன; ஆய்வறிவுரைக் குழு ஒன்று பருவந்தோறும் முன்னேற்றத்தைக் கேட்க வேண்டும் என்றன. ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கின. பணம் வாங்கிக்கொண்டு அச்சிட்ட இதழ்களுக்கு வாடிக்கை குறைந்தது நல்லதே. ஆனால் அதே விதிகள் எம்.ஃபில். பட்டத்தையும் நிறுத்திவிட்டன.

எம்.ஃபில். ஆய்வேடுகளில் பெரும்பாலானவை தூசி படிந்து கிடப்பவை என்பது உண்மை. ஆயினும் ஓராண்டில் சிறியதொரு பொருளை எடுத்து, மூலத்தைப் படித்து, நூறு பக்கம் எழுதிப் பார்க்கும் பயிற்சி அதில் கிடைத்தது. இது தமக்கு ஒத்துவராது என்று கண்டுகொண்டவர்கள் மானத்தோடு விலகவும் முடிந்தது. இப்போது வாசலில் விடைகளுக்கு எதிரே குறியிடும் தேர்வு; கடைசியில் வாய்மொழித் தேர்வு. இடையில் உள்ள பாடத் தேர்வு முறையியலையும் கணினியையும் கேட்கிறது. தொல்காப்பியத்தை அது கேட்டு நாம் பார்த்தது அரிது. தொலைவும் ஒரு தடை. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் காரைக்காலிலிருந்து 130 கிலோமீட்டருக்கு மேல். அங்கே செல்லும் பேருந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரத்தைத் தாண்டித்தான் போகிறது. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே குழுவின் முன் நிற்க அந்தப் பேருந்தில் ஏறும் பெண்ணை, ஐந்தாம் ஆண்டில் அடிப்படை போதாது என்று திருப்பி அனுப்புவது கொடுமை. இரண்டாம் ஆண்டில் சொல்லியிருந்தால் படித்துக்கொண்டு வந்திருப்பாள்.

நம் துறைக்கு ஏற்ற இடைத்தேர்வைச் சட்டம் மாறும்வரை காத்திராமல் ஆய்வறிவுரைக் குழுக்களே நடத்தலாம். அம்மையாரை ஆய வருபவரிடம் 143 பாடல்களில் எதையேனும் எடுத்துக் கொடுத்து உரையின்றிப் பொருள் கேட்கலாம். இரட்டை மணிமாலையில் வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி வருவதைச் சீர் பிரித்துக் காட்டச் சொல்லலாம். பெரியபுராணம் சொல்லும் அம்மையாருக்கும் பாடல்களில் தாமே பேசும் அம்மையாருக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்கலாம். 1956ஆம் ஆண்டுப் பதிப்பை மேசை மேல் வைத்து, இதற்கு மேல் நீ என்ன சொல்லப் போகிறாய் என்றும் கேட்கலாம். ஒரு பகற்பொழுது போதும்.