கணவாயின் இருபுறமும்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வந்து, இங்கேயே நிலைத்துவிட்ட குமரி மாவட்டத்தார் எங்கள் பங்கில் பலர். விடுமுறைக்கு எழும்பூரில் இரவு வண்டி ஏறும் இவர்கள், விடியலில் சன்னலில் வந்து மோதும் காற்றைக் கொண்டே ஆரல்வாய்மொழி வந்துவிட்டது என்று சொல்லிவிடுவார்களாம்.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்கோடியில் முடியுமுன் விட்டுவைத்த இடைவெளி அது. வடக்கே 1,654 மீட்டர் உயர்ந்த மகேந்திரகிரி. தெற்கே காற்றாடி மலை முதலிய சிறு குன்றுகள். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கே நாஞ்சில் நாட்டு வயல்களை நனைத்துவிட்டு, இந்த இடுக்கில் நெருக்குண்டு விரைவு பெற்று, கிழக்கே காவல்கிணறு, பணகுடிப் பக்கம் வறண்ட காற்றாய்ப் பாய்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பது இதனாலேயே. காற்றாடி மலை என்று பெயரிட்டவர்களோ காற்றாலையைக் கண்டவர்கள் அல்லர்!

மேற்கே திருவிதாங்கூர், கிழக்கே பாண்டிச் சீமை என்று நெடுங்காலம் இக்கணவாயே எல்லை. திருவிதாங்கூர் அரசு இங்கே மதில் எழுப்பிக் காவல் வைத்தது. 1809 பிப்ரவரியில் வேலுத்தம்பி தளவாயை ஒடுக்க வந்த கும்பினிப் படை, அந்த அரணை வீழ்த்தியே உள்ளே நுழைந்தது. குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு இணைந்தபோது எல்லை மறைந்தது. திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு இரயில் வந்தது 1981இல்தான்.

எல்லை என்பது ஓர் அரசனின் கை நீளாத இடம் தொடங்குவது. நட்டாலத்து நீலகண்ட பிள்ளை அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் 1741இல் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சியளித்த டிலனாய் வழியாகக் கிறிஸ்துவை அறிந்தவர். திருமுழுக்குப் பெற அவர் இக்கணவாயைக் கடந்து வடக்கன்குளம் போக வேண்டியிருந்தது. 1745இல் இயேசு சபைக் குரு புத்தாரி அவருக்குத் தேவசகாயம் என்று பெயரிட்டார். அவர் விரும்பியிருந்தால் கிழக்கேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்தார். 1749இல் கைதானார். மூன்றாண்டுச் சித்திரவதைக்குப் பின், 1752 ஜனவரி 14 அன்று அதே கணவாயின் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2022 மே 15 அன்று அவரைப் புனிதராக அறிவித்ததை நம் இல்லங்கள் அறியும். அவர் மனைவி ஞானப்பூவைத்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. கணவர் மறைந்தபின் அந்த அம்மையார் கணவாய்க்குக் கிழக்கே, வடக்கன்குளத்தில் வாழ்ந்து, 1766இல் அங்கேயே இறந்தார். கணவரின் கல்லறை மேற்கே, கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் இருக்கிறது.