பழவேற்காட்டுப் பூநாரையும் மன்ஸூரின் தூரிகையும்

குளிர்காலக் காலைப்பொழுதில் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நின்றால் பூநாரைக் கூட்டங்களை நாம் கண்குளிரக் காணலாம். வளைந்த அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, அவை நுண்ணுயிர்களை வடித்து உண்கின்றன. அவ்வுணவிலுள்ள நிறமிகளே அவற்றின் இறகுகளுக்குச் செம்மை தருகின்றன.

இக்கரையில் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பியது 1613-இல். அதற்கு முந்திய ஆண்டில், முகர்ரப் கான் கோவாவிலிருந்து கொணர்ந்த வான்கோழியைக் கண்டு பேரரசர் ஜஹாங்கீர் வியந்தார். பாபர் பிராணிகளை எழுத்தில் வருணித்தாரேயன்றி ஓவியமாக்கச் செய்யவில்லை எனத் தம் நினைவுக் குறிப்பில் எழுதிய அவர், தாம் கண்டவற்றை வரையவும் பணித்தார். ‘நாதிருல் அஸ்ர்’ எனும் பட்டம் பெற்ற உஸ்தாத் மன்ஸூர் தீட்டிய வான்கோழி, இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது.

அரண்மனையில் வளர்ந்த இவ்வுற்றுநோக்கலை எளியோர்க்கும் உரியதாக்கியவர் சாலிம் அலீ (1896–1987). இந்தியப் பறவைகள் பற்றிய அவரது கையேடு 1941-இல் வெளிவந்தது.

ஏரி மீனவரோ கையேடின்றியே பறவைகளை அறிந்தவர். நீரின் மேல் பறவை வட்டமிடும் இடத்தில் மீன் உண்டென்பது அவர் அனுபவம். முகத்துவாரம் மணலால் தூர்ந்து கடல்நீர் வரத்துக் குன்றும்போது, மீனவரின் வலையும் பறவையின் அலகும் ஒருங்கே வெறுமையாகின்றன.

குஞ்சுகளை இழந்து தவித்த சிறு பறவைக்கு அவற்றைத் திருப்பித் தருமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். பறவையைக் கண்டு மகிழும் நாம், அது இரைதேடும் நீரையும் காக்கக் கடமைப்பட்டுள்ளோம்.