காற்று வகுத்த ஆண்டு: கொச்சியிலிருந்து சென்ற ஜனவரிக் கடிதங்கள்

ஓராண்டில் நிகழ்ந்தவற்றையெல்லாம் திரட்டி, தொலைவில் இருக்கும் உற்றாருக்கும் நண்பருக்கும் ஒரே கடிதத்தில் எழுதியனுப்பும் வழக்கம் இன்று பண்டிகைக் கால மரபாக அறியப்படுகிறது. 16ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கடிதங்களில் இவ்வழக்கத்தை விதித்தது பண்டிகையன்று, பருவக்காற்று. அக்கடிதங்களின் உள்ளடக்கத்தை வரலாற்றுச் சான்றாகக் கையாள்வோர், அவை எந்தக் காலக்கணக்கில், எவர் கண்ணுக்காக எழுதப்பட்டன என்பதை முதலில் அறிதல் வேண்டும். இல்லையெனில், பலர் கூடிப் படிக்கவென்று எழுதப்பட்ட கடிதத்தை நாட்குறிப்பாக மயங்க நேரும்.

லிஸ்பனிலிருந்து இந்தியாவுக்கு வரும் போர்த்துகீசியக் கப்பல்கள் மார்ச், ஏப்ரல் மாதங்களில் புறப்பட்டு, தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் கோவாவை அடையும். திரும்பும் கப்பல்கள் கொச்சியில் மிளகை ஏற்றிக்கொண்டு, டிசம்பர் இறுதியிலோ ஜனவரியிலோ வடகிழக்குக் காற்றில் பாய்விரிக்கும். அந்த வாய்ப்பைத் தவறவிட்ட கடிதம் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டியதுதான். ஆகவே கொச்சியில் ஜனவரி என்பது எழுத்தின் மாதமாயிற்று. இயேசு சபையைச் சேர்ந்த பிரான்சிஸ் சேவியர் ஐரோப்பாவுக்கு எழுதிய முதன்மையான கடிதங்களின் தேதிகளே இதற்குச் சான்று: 1544 ஜனவரி 15, 1545 ஜனவரி 27, 1548 ஜனவரி 20, 1549 ஜனவரி 12, 1552 ஜனவரி 29. ஐந்தும் கொச்சியில் எழுதப்பட்டவை.

இந்த ஏற்பாட்டில் ஒரு வினாவுக்கு விடை கிடைக்க எவ்வளவு காலம் ஆகும்? 1544 ஜனவரியில் கேட்ட கேள்வி அவ்வாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னரே லிஸ்பனை அடையும். அதற்குள் அவ்வாண்டுக்கான இந்தியக் கப்பல்கள் புறப்பட்டுப் போயிருக்கும். விடை 1545 வசந்தத்தில் கப்பலேறி, அவ்வாண்டின் செப்டம்பரிலோ அக்டோபரிலோ கோவாவில் இறங்கும். ஏறத்தாழ இருபது மாதங்கள். இதுவும் கப்பல் முழுகாமலும் வழியில் தங்காமலும் இருந்தால் மட்டுமே. சேவியர் தாமே 1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனை விட்டுப் புறப்பட்டு, மொசாம்பிக்கில் மாதக்கணக்கில் தங்க நேர்ந்து, 1542 மே 6 அன்றுதான் கோவாவை அடைந்தார். 1544 ஜனவரிக் கடிதத்தில், இந்தியாவுக்கு வந்தபின் உரோமையிலிருந்து தமக்குக் கிடைத்தவை 1542 ஜனவரி 13 அன்று எழுதப்பட்ட கடிதங்கள் மட்டுமே என்றும், அவையும் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன்பே கைக்கு வந்தன என்றும் குறிப்பிடுகிறார். அவற்றைச் சுமந்த கப்பலும் மொசாம்பிக்கில் தங்கிவிட்டிருந்தது. கப்பல் முழுகும் அபாயத்தை முன்னிட்டே, முக்கியக் கடிதங்களைப் படியெடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்பும் முறையும் வழக்கில் இருந்தது.

இத்தகைய தொலைவில் கடிதத்தாள் செய்தியை மட்டும் சுமப்பதில்லை. உறவின் உடலாகவே ஆகிவிடுகிறது. தோழர்கள் எழுதிய கடிதங்களிலிருந்து அவரவர் கையொப்பங்களை வெட்டியெடுத்து எப்போதும் தம்மோடு வைத்திருப்பதாகச் சேவியர் 1546 மே மாதம் அம்போன் தீவிலிருந்து எழுதினார். 1552 ஜனவரிக் கடிதத்தில், இக்னேஷியஸ் லொயோலாவின் கடிதத்தைக் கண்ணீரோடு படித்ததைத் தெரிவிக்கிறார். இவ்வுணர்ச்சியை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அதே கடிதப் போக்குவரத்து கண்டிப்பான விதிகளுக்கும் உட்பட்டிருந்தது என்பதை மறக்கலாகாது.

1542 டிசம்பர் 10 அன்று இக்னேஷியஸ் தம் தோழர் பியேர் ஃபாவ்ருக்கு எழுதிய கடிதத்தில் அவ்விதி தெளிவாக வகுக்கப்படுகிறது. முதன்மைக் கடிதம் பிறருக்குக் காட்டத் தக்கதாக இருத்தல் வேண்டும். ஒருமுறை எழுதி, மீண்டும் படித்துத் திருத்தி, செம்மையாகப் படியெடுத்து அனுப்புதல் வேண்டும். காட்டத் தகாதவை, உள்விவகாரங்கள், மனத்தில் தோன்றிய பிறவெல்லாம் தனித்தாள்களில் அமையலாம். சேவியரும் இம்முறையையே தம் கீழுள்ளோருக்கு வலியுறுத்தினார். 1549 ஜூன் மாதம் மலாக்காவிலிருந்து மலுக்குத் தீவுகளில் இருந்த ஜுவாவோ தெ பெய்ராவுக்கு எழுதுகையில், ஐரோப்பாவுக்குச் செல்லும் கடிதங்களைப் பலரும் படிப்பார்கள் என்பதை நினைவில் கொண்டு, படிப்போருக்கு ஆன்மிக ஊக்கம் தருவனவற்றையே எழுதுமாறு அறிவுறுத்துகிறார். பலருக்கென எழுதும் ஆண்டுக் கடிதம் இவ்வாறு தொடக்கத்திலேயே இரண்டாகப் பிளவுபட்டிருந்தது: முற்றத்தில் வாசிக்கப்படுவது ஒன்று, அறைக்குள் வைக்கப்படுவது மற்றொன்று.

முதல்வகைக் கடிதத்தின் வீச்சு பெரிது. 1544 ஜனவரிக் கடிதம் மறு ஆண்டே பாரிசில் அச்சேறியது. முத்துக்குளித்துறையில் சிறுவர்க்குச் செபங்கள் கற்பித்தது, திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்தது, ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்று அங்குள்ள கற்றவர்களை உரத்த குரலில் அழைக்க வேண்டும் போன்ற வேட்கை ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. 1545 ஜனவரி 27 கடிதம், திருவிதாங்கூர்க் கரையில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் திருமுழுக்குப் பெற்றதைத் தெரிவிக்கிறது. பிற்கால நூல்களில் மீண்டும் மீண்டும் எடுத்தாளப்படும் எண் இதுவே.

ஆனால் இவ்விரு ஜனவரிகளுக்கும் இடைப்பட்ட 1544ஆம் ஆண்டு எவ்வாறு கழிந்தது என்பதை அறிய வேறொரு தொகுதி உள்ளது. அதே கரையில் பணியாற்றிய பிரான்சிஸ்கோ மன்சில்யாசுக்குச் சேவியர் அவ்வப்போது எழுதியனுப்பிய சிறு மடல்கள் அவை. புன்னைக்காயல், மணப்பாடு முதலிய ஊர்களிலிருந்து, சில நாட்களே இடைவெளிவிட்டு, அவசரமாக எழுதப்பட்டவை. கப்பலுக்காகக் காத்திராதவை, அச்சை நோக்காதவை. 1544 ஜூனில் வடுகர் படை கன்னியாகுமரிக் கரையைத் தாக்க, பரவர் மக்கள் பாறைகளில் ஒதுங்கிப் பசியாலும் தாகத்தாலும் மடிகின்றனர். சேவியர் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறார். எதிர்க்காற்று நாட்கணக்கில் வீச, தோணிகள் முன்னேற இயலாமல் திரும்புகின்றன. கடிதத்தைக் கப்பலேற்றும் காற்று உண்டு; உணவைக் கரைசேர விடாத காற்றும் உண்டு. முதற்காற்றின் பயனையே ஐரோப்பா படித்தது.

இம்மடல்களின் சொற்களும் கவனிக்கத்தக்கவை. 'தோணி' போர்த்துகீசிய எழுத்தில் 'தோனே' ஆகிறது. 'வடுகர்' 'படெகா' ஆகிறது. கரையின் அன்றாடம் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே எழுத்துக்குள் புகுந்துவிடுவதை இங்குக் காணலாம். 1544 ஆகஸ்டு மடலொன்றில் சேவியர் தம் நிலையைக் கசப்பான நகையோடு கூறுகிறார்: மொழிபெயர்ப்பாளர் உடல்நலமின்றிக் கிடக்கிறார், மக்கள் பேசுவது தமக்கு விளங்கவில்லை, தாம் பேசுவது அவர்களுக்கும் விளங்கவில்லை, இந்நிலையில் தம் போதனை எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம் என்கிறார். பத்தாயிரம் என்னும் எண்ணைப் படிக்கும் மாணவர் இம்மடலையும் அதனருகே வைத்துப் படித்தல் வேண்டும். எண் பொய் என்று நிறுவுவதற்காக அன்று. அந்த எண்ணுக்குள் நிகழ்ந்த உரையாடல் எத்தகையது, அதில் மொழிபெயர்த்தவர்களின் பங்கு எவ்வளவு என்னும் கேள்வியை எழுப்புவதற்காக.

ஆண்டுக் கடிதம் வன்முறையை முற்றிலும் மறைத்தது என்று கூறுவதும் பிழையாகும். மன்னாரில் புதிதாக மதம் மாறியவர்களை யாழ்ப்பாண அரசன் கொல்வித்த செய்தி 1545 ஜனவரி 27 கடிதத்தில் உண்டு. சமயச் சான்றாக நின்று மடிந்தவர்களின் சாவு படிப்போரை எழுச்சிகொள்ளச் செய்யும். எனவே அதற்கு இடம் கிடைத்தது. போர்த்துகீசிய அதிகாரிகளின் பேராசையால் கரைவாழ் மக்கள் பட்ட துன்பம் அத்தகையதன்று. தூத்துக்குடியில் இருந்த தளபதி கோஸ்மே தெ பைவாவின் மீதான சினத்தை மன்சில்யாஸ் மடல்களில்தான் காண முடிகிறது. அதே 1545 ஜனவரி 27 அன்று, லிஸ்பனில் இருந்த தோழர் சிமாவோ ரொட்ரிகசுக்கு எழுதிய தனிக்கடிதத்தில், அரசுப் பதவியில் எந்த நண்பரையும் இந்தியாவுக்கு வரவிட வேண்டாம் எனச் சேவியர் எச்சரிக்கிறார். இங்குள்ள அதிகாரிகள் 'கொள்ளையடி' எனப் பொருள்படும் 'ராபியோ' என்னும் இலத்தீன் வினையை எல்லாக் காலங்களிலும் எல்லா வாய்பாடுகளிலும் திரிக்கக் கற்றவர்கள் என்பது அவர் தரும் காரணம். ஒரே நாள், ஒரே கை, ஒரே துறைமுகம். மாறியது படிப்பவர் யார் என்பது மட்டுமே.

மன்சில்யாஸ் பின்னர் மலுக்குத் தீவுகளுக்குச் செல்லுமாறு இடப்பட்ட ஆணைக்கு இணங்காததால் சபையிலிருந்து விலக்கப்பட்டார். எனினும் அம்மடல்களை அவர் பேணி வைத்திருந்தார். விலக்கப்பட்ட ஒருவரின் கையிருப்பே அவ்வாண்டின் அன்றாடத்தை நமக்குத் தருகிறது என்பது ஆவணக்காப்பின் வரலாற்றில் எண்ணத்தக்கது.

மொழித்தடை நீடிக்கவில்லை. என்ரிக்கே என்ரிக்கஸ் 1548 அக்டோபர் 31 அன்று வேம்பாரிலிருந்து இக்னேஷியசுக்கு எழுதிய கடிதத்தில், தமிழ் வினைகளின் திரிபுகளை முறைப்படுத்தி, கற்போருக்கென ஓர் இலக்கணம் அமைத்து வந்ததை விவரிக்கிறார். அவர் தமிழைப் பேசவும் எழுதவும் வல்லவர் என்று 1549 ஜனவரியில் சேவியர் உரோமைக்குத் தெரிவிக்கிறார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அந்த உழைப்பின் தொடர்ச்சியே.

காற்று வகுத்த வழக்கம் பிற்பாடு சட்டமாயிற்று. நான்கு மாதத்துக்கு ஒருமுறை எழுதும் விதி இயேசு சபையில் முன்பு இருந்தது. 1565ஆம் ஆண்டின் பொதுப்பேரவைக்குப்பின் ஆண்டுக்கொரு கடிதம் என்பது முறையாயிற்று. 1574இல் கோவாவுக்கு வந்த அலெசாந்த்ரோ வலிஞானோ 1579இல் ஜப்பான் சென்றபோது, ஆளுக்கொரு விதமாக எழுதிவந்ததை மாற்றி, ஒருங்கு தொகுத்த ஆண்டுக் கடிதமாக்கினார். 1581ஆம் ஆண்டு முதலான ஆண்டுக் கடிதங்கள் நூல்வடிவிலேயே வெளிவந்தன. தோழருக்கு எழுதும் மடல் இவ்வாறு நிறுவனத்தின் ஆண்டறிக்கையாக உருமாறிற்று.

இம்முறையின் எல்லையை ஒரு கடிதம் உணர்த்துகிறது. 1553 ஜூன் 28 அன்று, சேவியரை ஐரோப்பாவுக்குத் திரும்பி வருமாறு இக்னேஷியஸ் எழுதினார். சேவியரோ 1552 டிசம்பர் 3 அன்றே சீனக் கரையருகே சாங்சுவான் தீவில் இறந்திருந்தார். ஏறத்தாழ ஏழு மாதங்களுக்கு முன் மறைந்தவருக்கு எழுதப்பட்ட அழைப்பு அது.

சேவியரின் கடிதங்களை ஷுர்ஹாமரும் விக்கியும் 1944–45இல் பதிப்பித்தபோது காலவரிசையில் அடுக்கினர். அதனால் அச்சேறிய ஜனவரிக் கடிதமும், இருபது தோணிகளைப் பற்றிய ஜூன் மடலும் இன்று ஒரே தொகுதியில், சில பக்க இடைவெளியில் கிடக்கின்றன. பரவர் குடும்பங்கள் தம் ஆண்டைத் தம் உறவினருக்கு எவ்வாறு சொல்லியிருப்பர் என்பதற்கு அத்தொகுதியில் இடமில்லை. அவர்கள் சொல்லை ஏற்றிச்செல்லக் கொச்சியில் எந்தக் கப்பலும் நிற்கவில்லை. ஆயினும் பாறையில் ஒதுங்கியவர்களும், நோயுற்றுக் கிடந்த மொழிபெயர்ப்பாளரும், திரும்பி வந்த தோணிகளும் அந்தச் சிறு மடல்களில் இருக்கின்றனர். முத்துக்குளித்துறையின் 1544ஆம் ஆண்டை எழுதப் புகுவோர் அங்கிருந்து தொடங்கி, அதன்பின் ஜனவரிக் கடிதத்துக்கு வருவதே முறை.