பைத்தான் தெரிந்தாலே ஜிபியுவை இயக்கலாமா? வேகத்தைக் கெடுக்கும் அந்த ஒரு விஷயம் என்ன?

ஏ.ஐ. பற்றி எந்தச் செய்தியைப் படித்தாலும் ஜிபியு என்ற வார்த்தை கண்ணில் படாமல் இருக்காது. சாட்பாட் சொல்லும் பதில், மருத்துவ ஸ்கேன் ஆய்வு எனப் பலவற்றுக்கும் பின்னால் ஓடுவது இந்த சிப்தான். ஆனால், அதற்கு நேரடியாக வேலை சொல்லத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு.

பைத்தான் மட்டும் தெரிந்த ஒரு கல்லூரி மாணவரால் ஜிபியுவை வேலை வாங்க முடியுமா? முடியும். அதற்கான கருவிகள் வந்துவிட்டன. ஆனால், அதிலும் ஒரு சிக்கல் இருக்கு. என்ன அது? விரிவாகப் பார்க்கலாம்.

ஜிபியு அப்படி என்ன செய்கிறது?

கல்யாண வீட்டுச் சமையலை நினைத்துக்கொள்ளுங்கள். சிபியு என்பது கைதேர்ந்த சமையல்காரர்கள் சிலர். எவ்வளவு கஷ்டமான வேலை கொடுத்தாலும் செய்வார்கள். ஆனால், ஆட்கள் குறைவு.

ஜிபியு என்பது காய் நறுக்க உட்காரும் ஊர்க்கூட்டம். ஒவ்வொருவரும் செய்வது சின்ன வேலைதான். எல்லோரும் ஒரே நேரத்தில் செய்வதால் மூட்டை மூட்டையாகக் காய் சட்டென முடிந்துவிடும். என்விடியாவின் டி4 என்ற ஜிபியுவில் மட்டும் 2,560 கோர்கள் இருக்கின்றன.

முன்பு ஏன் கஷ்டமாக இருந்தது?

ஜிபியு முதலில் வீடியோ கேம் போன்ற கிராபிக்ஸ் வேலைக்காக வந்தது. 2000-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் தங்கள் கணக்கை, படம் வரையும் வேலை போல வேஷம் கட்டித்தான் அதற்கு அனுப்ப வேண்டியிருந்தது.

2004-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இயன் பக் குழுவினர் இதற்காக 'புரூக்' என்ற மொழியை உருவாக்கினர். பின்னர் அவர் என்விடியாவில் சேர்ந்தார். 2006-ல் என்விடியா 'கூடா'வை அறிமுகப்படுத்தியது. பெயர்தான் கூடா, ஜிபியுவால் கணக்கும் போடக் கூடும் என்று உலகத்துக்குக் காட்டியது இதுதான்.

சி மொழி தெரிந்தவர்களுக்கு கூடா பெரிய வரம். ஆனால் வேலையை எத்தனை த்ரெட்களாகப் பிரிப்பது, எந்த மெமரியில் எதை வைப்பது, யார் யாருக்காகக் காத்திருப்பது என எல்லாவற்றையும் புரோகிராமரே சொல்ல வேண்டும். இரண்டு வரிக் கணக்குக்கு இரண்டு பக்கம் எழுத வேண்டியிருக்கும்.

இப்போது என்னென்ன வழிகள் இருக்கின்றன?

கூபை: பைத்தானில் எண் அட்டவணைகளைக் கையாள நம்பை என்ற லைப்ரரி உண்டு. அதே கட்டளைகளை ஜிபியுவில் ஓட்டுவது கூபை. பல புரோகிராம்களில் லைப்ரரியின் பெயரை மாற்றினாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

நம்பா: நாம் பைத்தானில் எழுதும் ஃபங்ஷனை ஜிபியுவுக்குப் புரியும்படி மாற்றிக்கொடுக்கும். த்ரெட் கணக்கை மட்டும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ட்ரைட்டன்: ஹார்வர்டில் ஆய்வு மாணவராக இருந்த பிலிப் டில்லே உருவாக்கியது. 2021-ல் ஓபன் ஏ.ஐ. இதை ஓபன் சோர்ஸாக வெளியிட்டது. இதில் த்ரெட் கவலை இல்லை. வேலையைத் துண்டுகளாகப் பிரித்துச் சொன்னால், மீதியை கம்பைலர் பார்த்துக்கொள்ளும். அட்டவணைப் பெருக்கலை 25 வரிக்குள் எழுதி, என்விடியாவின் சொந்த லைப்ரரிக்கு இணையான வேகத்தை எட்ட முடிந்ததாக ஓபன் ஏ.ஐ. அப்போது கூறியது.

2023-ல் வந்த பைடார்ச் 2.0, ஒரு வரி சேர்த்தால் போதும், பின்னணியில் ட்ரைட்டன் கோடிங்கைத் தானே எழுதிக்கொள்கிறது.

சரி, அப்போ சிக்கல் எங்கே?

காய் நறுக்க ஆயிரம் பேர் தயார். ஆனால் சந்தையிலிருந்து காய் வருவது ஒரே ஒரு குட்டி ஆட்டோவில் என்றால்?

அதேதான் இங்கேயும் நடக்கிறது. என்விடியா ஏ100 (80 ஜிகாபைட்) ஜிபியு, தன் மெமரியிலிருந்து விநாடிக்கு சுமார் 2,000 ஜிகாபைட் டேட்டாவைப் படிக்கும். ஆனால் கம்ப்யூட்டரிலிருந்து அந்த ஜிபியுவுக்கு டேட்டா போகும் பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 பாதையில் ஒரு திசையில் சுமார் 32 ஜிகாபைட்தான். கிட்டத்தட்ட 60 மடங்கு வித்தியாசம்!

ஒவ்வொரு சின்னக் கணக்குக்கும் டேட்டா போய்வந்தால், ஜிபியு பெரும்பாலான நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த ஜிபியு என்றால், சும்மா இருக்கும் நேரத்துக்கும் மீட்டர் ஓடும்.

கருவிகள் இதை எப்படிக் கையாள்கின்றன?

ஒரு கருவி நல்லதா என்பதை இங்கேதான் கண்டுபிடிக்கலாம். த்ரெட் போன்ற நுணுக்கங்களை மறைப்பது உதவி. செலவை மறைப்பது உதவி இல்லை.

நம்பாவில் சாதாரண அட்டவணையைக் கொடுத்தால், அதுவே ஜிபியுவுக்குக் கொண்டுபோய், வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவரும். வசதிதான். ஆனால் மாறாத டேட்டாவையும் சேர்த்தே சுமந்து வரும். 'காப்பி செய்வதால் வேகம் குறையும்' என்ற எச்சரிக்கையை இப்போதைய பதிப்புகள் காட்டுகின்றன.

கூபை இதற்கு நேர் எதிர். ஜிபியுவில் இருக்கும் டேட்டாவைச் சத்தமில்லாமல் வெளியே எடுக்க விடாது. 'நீங்களே கட்டளை கொடுத்து எடுங்கள்' என்று பிழை காட்டி நிறுத்திவிடும். பைடார்ச்சும் அப்படித்தான், முதலில் எந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும் என்பதையும் அந்தப் பிழைச் செய்தியிலேயே சொல்லிவிடும். முதலில் எரிச்சலாக இருக்கும். ஆனால் எங்கே நேரம் போகிறது என்பது கண்முன் தெரியும்.

புதிதாகத் தொடங்குவோர் கவனிக்க வேண்டியவை

* டேட்டாவை ஒருமுறை ஜிபியுவுக்கு அனுப்புங்கள். எல்லாக் கணக்கையும் அங்கேயே முடித்து, விடையை மட்டும் எடுங்கள்.
* நம்பா, ட்ரைட்டனில் முதல் தடவை ஓடும்போது கம்பைல் நேரமும் சேரும். இரண்டாவது ஓட்டத்திலிருந்து வேகத்தை அளங்கள்.
* கட்டளை கொடுத்ததும் பைத்தான் அடுத்த வரிக்குப் போய்விடும். ஜிபியு பின்னால் வேலை செய்துகொண்டிருக்கும். அது முடியும்வரை காத்திருந்து அளக்காவிட்டால் நேரம் தப்பாகத் தெரியும். பிழையும் வேறு ஏதோ ஒரு வரியில் வந்ததாகக் காட்டலாம்.
* நம்பா, ட்ரைட்டன் இரண்டிலும் புரோகிராமை சிபியுவிலேயே மெதுவாக ஓட்டிப் பிழை தேடும் வசதி இருக்கிறது.
* கையில் ஜிபியு இல்லையா? கூகுள் கோலாபின் இலவசச் சேவையில், நேரக் கட்டுப்பாட்டுடன், பழகிப் பார்க்கலாம்.

ஆக, ஜிபியுவை இயக்க இன்று சி மொழியில் கரை கண்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் டேட்டா எங்கே இருக்கிறது என்ற ஒரு கேள்வியை மட்டும், எந்தக் கருவியாக இருந்தாலும், நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.