நிலாவும் ஆயிஷாவும்: தமிழ் இளையோர் அறிவியல் புனைவை ஜவ்வாது மலையிலிருந்து வாசித்தல்

தமிழ் இலக்கிய வரலாறுகளில் சுஜாதாவுக்கு ஓர் இடம் உண்டு. அது பெரும்பாலும் 'வெகுஜன எழுத்து' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. இரா. நடராசனுக்கும் இடம் உண்டு. அது 'சிறுவர் இலக்கியம்' என்ற தலைப்பின் கீழ். இரண்டு தலைப்புகளுக்கும் நடுவே விழுந்துவிடுபவர் பதின்வயது வாசகர். பன்னிரண்டு வயதுக்கும் இருபது வயதுக்கும் இடையில் நிற்கும் அவருக்கு அறிவியலைக் கதையாகச் சொன்னவர்கள் யார், எந்த முறையில் சொன்னார்கள் என்ற கேள்வியை நம் திறனாய்வு இன்னும் முறையாக எடுத்துக்கொள்ளவில்லை. 'என் இனிய இயந்திரா' தமிழின் முதன்மையான இளையோர் நாவல்களில் ஒன்று. அதன் குறையை உணர்ந்து சரிசெய்யும் படைப்பாக 'ஆயிஷா'வை வாசிக்கலாம். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

எஸ். ரங்கராஜன் என்ற சுஜாதா 1935இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியலும் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியலும் படித்தார். விமானப் போக்குவரத்துத் துறையில் சில ஆண்டுகள் இருந்தபின் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் நீண்டகாலம் பணியாற்றினார். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அறிவியலைப் பரப்பியதற்காக 1993இல் தேசிய அறிவியல் தொழில்நுட்பப் பரிமாற்றக் குழுவின் விருதைப் பெற்றார்; 2008இல் மறைந்தார். இந்த வாழ்க்கைக் குறிப்பு எல்லாரும் அறிந்ததுதான். ஆனால் அதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: அவர் அரசு நிறுவனத்துக்குள் இருந்து அறிவியல் புனைவு எழுதியவர். இயந்திரத்தை வெளியிலிருந்து பார்த்து வியந்தவரோ வெறுத்தவரோ அல்லர்.

1980களின் நடுவில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வின் அச்சம் அங்கிருந்துதான் பிறக்கிறது. கதை நடப்பது 2020களின் தொடக்கத்தில். ஜீவா என்ற ஒற்றைத் தலைவரின் ஆட்சி. குழந்தை பெற அரசின் அனுமதி வேண்டும். முதியோர் எவ்வளவு காலம் வாழலாம் என்பதும் அரசின் கையில். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ என்று எந்தப் பெயரும் இரண்டெழுத்தைத் தாண்டுவதில்லை. ஆட்சியின் கை மனிதர்களின் பெயர்வரை நீண்டிருப்பதை வாசகர் ஒவ்வொரு பக்கத்திலும், விளக்கம் தேவைப்படாமலே, உணர்ந்துகொண்டிருப்பார். கணவன் சிபி காணாமல் போக, நிலா அவனைத் தேடிப் புறப்படுகிறாள். தேடலின் முடிவில் தெரியவருவது, ஜீவா என்று ஒரு மனிதரே இல்லை, ஒளியால் ஆன முப்பரிமாணப் பிம்பம்தான் நாட்டை ஆள்கிறது என்பது. மக்களின் வாக்கை எண்ணும் இயந்திரத்தில் உழைத்த பொறியாளர், வாக்கே இல்லாத நாட்டையும் ஆளே இல்லாத தலைமையையும் கற்பனை செய்தார். இதைத் தற்செயலென்று என்னால் ஒதுக்க முடியவில்லை. இயந்திரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் நாவலின் மையக் கேள்வி. எழுபதுகளின் 'சொர்க்கத் தீவு' நாவலில் கம்ப்யூட்டர் பொறியாளர் ஒருவர் தனித்தீவுக்குக் கடத்தப்படும்போதே இக்கேள்வி தொடங்கிவிட்டது.

இந்நாவலை இளையோர் நாவல் என்று அழைக்க என்ன ஆதாரம்? ஆனந்த விகடன் குடும்பப் பத்திரிகை. தாத்தா படித்து முடித்த இதழ் பேரனிடம் வரும். பதின்வயது வாசகருக்கென்று தனிப் பதிப்பு தேவைப்படாத சூழல் அது. ஆங்கில உலகில் இதற்குத் தனிச் சந்தையே இருந்தது. ராபர்ட் ஹைன்லைன் 1947 முதல் 1958 வரை ஸ்க்ரிப்னர்ஸ் பதிப்பகத்துக்காகப் பன்னிரண்டு இளையோர் நாவல்கள் எழுதினார். லோயிஸ் லோரியின் 'தி கிவர்' 1993இல் வந்தபோது, குழந்தைகளைப் பங்கிட்டுத் தந்து முதியோரைச் சத்தமின்றி அகற்றும் சமூகத்தைச் சொன்னதற்காகக் கொண்டாடப்பட்டது. அதே இரு கருக்களையும் சில ஆண்டுகள் முன்னதாகவே தமிழ் வார இதழ் வாசகர்கள் வாராவாரம் படித்திருந்தார்கள். அதை இளையோர் இலக்கியம் என்று சொல்ல இங்கே ஆளில்லை. பின்னர் அது தூர்தர்ஷன் தொடராகவும் வந்தது. அன்றைய பள்ளி மாணவர்களில் பலர் நிலாவை அறிந்தது அந்தத் திரை வழியேதான்.

அமைப்பிலும் ஆதாரம் உண்டு. ஜீனோ என்ற இயந்திர நாய் படிக்கிறது, வாதிடுகிறது, நிலாவுக்கு விளக்குகிறது. விளக்கத்தை ஆசிரியர் குரலிலிருந்து எடுத்து, வாசகர் நேசிக்கும் ஓர் உயிரின் வாயில் வைத்ததுதான் சுஜாதாவின் பெரிய கண்டுபிடிப்பு. பெ. நா. அப்புஸ்வாமி போன்ற முன்னோடிகள் அறிவியலைத் தெளிந்த கட்டுரைத் தமிழில் தந்திருந்தார்கள். சுஜாதா அதை உரையாடலாக்கினார். ஜூனியர் விகடனில் வந்த 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி பதில் பகுதியையும் ஜீனோவையும் அருகருகே வைத்துப் படித்தால் இரண்டும் ஒரே பட்டறையில் உருவானவை என்பது விளங்கும். ஒரு கேள்வி, அதற்குச் சுருக்கமான பதில், பதிலின் முனையில் இன்னொரு கேள்விக்கான தூண்டில்.

ஆனால் இதே இடத்தில்தான் நாவலின் குறையும் இருக்கிறது. கேட்பவள் நிலா, அறிந்தவர்கள் மற்றவர்கள். முடிவில் அவளுக்கு அரியணை கிடைக்கிறது, அதிகாரம் கிடைப்பதில்லை. இதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ'வில் அவள் பெயரளவு அரசியாகவே தொடர்கிறாள். சிந்திக்கும் வேலை முழுவதையும் நாய் எடுத்துக்கொண்டுவிட்டது. வாசகர்கள் ஜீனோவை மறப்பதில்லை. நிலா என்ன சிந்தித்தாள் என்று கேட்டால் சொல்லத் தடுமாறுகிறார்கள். பதின்வயதுப் பெண் ஒருத்தி அறிவின் உரிமையாளராக இந்த நாவலிலிருந்து வெளிவர முடியாது. இதைச் சொல்வது சுஜாதாவைச் சிறுமைப்படுத்த அல்ல. தனக்குப் பின்னால் வருபவருக்கு அவர் விட்டுச்சென்ற வேலை இது என்பதால் சொல்கிறேன்.

அந்த வேலையை 1990களில் இரா. நடராசன் எடுத்துக்கொண்டார். கணையாழி குறுநாவல் போட்டியில் பரிசு பெற்ற 'ஆயிஷா'வில் எதிர்காலமோ இயந்திரமோ கிடையாது. ஓர் அறிவியல் நூலுக்கு அதன் ஆசிரியை எழுதும் முன்னுரை என்ற வடிவில் கதை வருகிறது. பத்தாம் வகுப்பு மாணவி ஆயிஷா கேள்வி கேட்கிறாள், கேட்டதற்காக அடிபடுகிறாள். அடி வலிக்காமல் இருக்க, உடலை மரத்துப்போகச் செய்யும் மருந்தொன்றைத் தன்மீதே சோதித்துப் பார்த்து இறந்துபோகிறாள். இதை அறிவியல் புனைவு என்று ஏற்பதா என்று சிலர் கேட்கலாம். சோதனை என்ற செயலே கதையின் உச்சமாகவும் அதன் விலையாகவும் இருக்கும்போது, வேறு எந்தப் பெயர் அதற்குப் பொருந்தும்? இங்கே அறிவின் திசை மாறிவிட்டது: மாணவி கேட்கிறாள், ஆசிரியை கற்கிறாள். அந்த முன்னுரை கற்றுக்கொண்டதன் சான்று. 2014இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்ற நடராசனுடைய நூலின் பெயர் 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்'. வேதாளத்தின் கேள்விக்கு விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்ற பழங்கதைச் சட்டகத்தை அறிவியலுக்கு எடுத்துவந்தவர், கேள்வியைத்தான் தன் கதைகளின் இயக்கவிசையாக நம்பினார் என்று கொள்ள அந்தத் தலைப்பே போதும்.

திருப்பத்தூர் மாவட்டத்திலிருந்து இந்த மரபை வாசிப்பவருக்கு வேறோர் இடைவெளியும் கண்ணில் படும். ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையில், காவலூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1960களின் இறுதியில் 38 செ.மீ. தொலைநோக்கியோடு தொடங்கி, 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கியைப் பெற்றது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அக்கோளின் வளையங்களை வெளிப்படுத்திய அவதானிப்புகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஜீனோவின் காலமும் அதுதான். பெங்களூர்ப் பொறியாளர் ஒருவர் ஆளில்லா ஆட்சியைக் கற்பனை செய்துகொண்டிருந்த ஆண்டுகளில், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்னொரு நிறுவனம் இந்த மலையில் கண்ணாடி ஒன்றை வானை நோக்கித் திருப்பிக்கொண்டிருந்தது. கல்கி திட்டம் என்ற பெயரில் சிறுகோள்களைத் தேடி இரவுதோறும் வானைப் படமெடுத்தவர்கள் 1988 பிப்ரவரி 17 அன்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 4130 ராமானுஜன் என்று அதற்குப் பெயர். பூமியை நோக்கி வரும் வான்பொருள்களைக் கருவாக வைத்து ஹாலிவுட் 1998இல் இரண்டு பெரும் படங்களை எடுத்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே சிறுகோள் வேட்டை இங்கே உண்மையாக நடந்தது.

சுஜாதாவின் ஜீனோ நாவல்கள் அடிப்படையில் நகரக் கதைகள். அறை, திரை, அலுவலகம், தெரு, இவற்றுக்குள்ளேயே சுழல்பவை. ஆயிஷாவின் உலகம் வகுப்பறை. பல இரவுகள் காத்திருந்து, மேகம் வந்தால் வெறுங்கையோடு திரும்பும் அறிவியல் இரண்டிலும் இல்லை. விறுவிறுப்புக்காக அதை விலக்க வேண்டியதில்லை. காவலூரிலேயே உண்மையான மோதல் இருக்கிறது. தொலைநோக்கிக்கு இருள் வேண்டும். சுற்றியுள்ள மலையாளிப் பழங்குடி ஊர்களுக்கு விளக்கு வேண்டும், சாலை வேண்டும், பள்ளி வேண்டும். சமவெளி நகரங்களின் ஒளி மாசு மலைக்கு மேலே படர்கிறது. மலைச் சிற்றூரின் தெருவிளக்கு தேசத்தின் அறிவியலுக்கு இடையூறா, அந்த அறிவியலில் அச்சிற்றூரின் பங்கு என்ன என்று உண்டு உறைவிடப் பள்ளியில் படிக்கும் ஒரு மாணவி கேட்டால், இயந்திரம் யார் கையில் என்ற சுஜாதாவின் கேள்வியும் கேட்கும் உரிமை யாருக்கு என்ற நடராசனின் கேள்வியும் ஒரே வாயிலிருந்து வரும். அவளுக்கு விளக்கம் சொல்ல ஒரு ஜீனோ வரட்டும், தடையில்லை. ஆனால் தொலைநோக்கியின் வழியே அவளே பார்த்ததைக் கொண்டு ஜீனோவின் விளக்கத்தை மறுக்கும் காட்சி ஒன்றாவது அந்த நாவலில் இருக்க வேண்டும்.

அதற்கான முதல் வேலை கல்லூரிகளில் இருக்கிறது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியிலும் வட்டாரத்தின் பிற கல்லூரிகளிலும் தமிழ் படிக்க வருவோரில் குடும்பத்தில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருபவர்கள் கணிசமானோர். வெகுஜன நாவலுக்கு ஒரு தாள், சிறுவர் இலக்கியத்துக்கு வேறொரு தாள் என்று பிரிக்காமல், இவ்விரு நூல்களையும் ஒரே பருவத்தில் அடுத்தடுத்துப் பாடமாக வைக்கலாம். சுஜாதாவின் தொடரை நூல்வடிவில் மட்டுமன்றி, ஓவியங்களும் வாசகர் கடிதங்களும் சூழ்ந்த பழைய விகடன் பக்கங்களிலும் படிக்கச் சொல்லலாம். அன்றைய மாணவ வாசகர்கள் ஜீனோவிடம் எதைக் கண்டார்கள், நிலாவிடம் எதைக் காணாமல் தவித்தார்கள் என்பதை அந்தப் பக்கங்களில்தான் தேட வேண்டும்.