வெந்நீர் ஊற்றுகள்: கொடையும் எல்லையும்

சிறுவாணி மலையடிவாரத்துத் தொண்டாமுத்தூர் மக்களுக்குத் தண்ணீர் என்றாலே குளிர்ச்சிதான். கோவைக் குற்றாலத்தில் வெள்ளம் பெருகினால் விலகி நிற்க வேண்டுமென்பதை நம் பிள்ளைகளும் அறிவர். கொதிக்கும் ஊற்றையோ நாம் அறியோம். அண்மையில் வடநாட்டுப் பயணத்திற்கு முன் ஆசீர் பெற வந்த குடும்பத்தில், "மணிகரண் ஊற்றில் குதித்துக் குளிப்பேன்" என்றான் சிறுவன் ஒருவன். அச்சொல்லே இதை எழுதத் தூண்டியது.

தந்தையின் கழுதைகளை மேய்த்த ஆனா என்பவர் பாலைநிலத்தில் வெந்நீர் ஊற்றுகளைக் கண்டதாகத் தொடக்கநூல் 36ஆம் அதிகாரம் கூறுகிறது. எபிரேயத்தில் ஒருமுறையே வரும் அச்சொல்லைச் சிலர் 'கோவேறு கழுதைகள்' எனக் கொண்டனர். புனித எரோணிமுஸ் 'வெந்நீர்' என்றே இலத்தீனில் பெயர்த்தார்.

மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்தில் இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை உயர்வதால், அந்நீர் சூடேறி மீண்டும் மேலெழுகிறது. எரிமலை இல்லாத இலங்கையிலும் ஊற்றுகள் இருப்பது இதனாலேயே. திருகோணமலையை அடுத்த கன்னியாவில் ஏழு கிணறுகள் உள்ளன. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் அவற்றை உண்டாக்கினான் என்பது மரபு. இறந்தோர்க்குக் கடன் செய்யும் தமிழர்க்கு அது கண்ணீரும் வெந்நீரும் கலந்த இடம். அங்கு நீர் உடற்சூட்டை ஒட்டியதே. ஆயினும் எவரும் கிணற்றுக்குள் இறங்குவதில்லை. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வதே வழக்கம்.

இமாசலப் பிரதேசத்து மணிகரணிலோ ஊற்றுநீரில் அரிசியைத் துணியில் கட்டி இறக்கிச் சோறு சமைக்கின்றனர். அங்குக் குளிப்பதற்கெனச் சூடு தணித்த தொட்டிகள் தனியே உள்ளன. சோறு வேகும் நீரில் மனித உடல் என்னாகும்? அமெரிக்காவில் 1872இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட யெல்லோஸ்டோனில் இதுவரை 20க்கும் மேற்பட்டோர் ஊற்றுகளில் வெந்து மாண்டுள்ளனர். 2016இல் நடைபாதையை விட்டு விலகிய 23 வயது இளைஞர் ஒருவரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அத்தகைய இடங்களில் உறுதியாகத் தோன்றும் தரை, கொதிநீர் மேல் படர்ந்த மெல்லிய ஓடாக இருக்கலாம்.

ஆகவே வேலியைத் தாண்டலாகாது. குழந்தையின் கையை விடலாகாது. குளிக்க ஒதுக்கிய இடத்தில் மட்டுமே, அதுவும் சிறிது நேரமே குளிக்க வேண்டும். மூக்கினுள் நீர் புகுந்தால், அரிதாயினும், மூளையைத் தாக்கும் நுண்ணுயிர் நுழையக்கூடும். எனவே தலையை மூழ்கவிடலாகாது. கருவுற்றோரும் இதயநோயாளரும் மருத்துவரைக் கேட்டே செல்ல வேண்டும்.

கன்னியாவில் வாளியால் மொண்ட முன்னோர் இவ்விதிகளைப் படித்தவரல்லர். கொடையை மதிப்பவர் அதன் எல்லையையும் மதிப்பர் என்பதை அறிந்திருந்தனர். அச்சிறுவனுக்கு ஆசீரோடு நாம் சொல்லியனுப்பியதும் அதுவே: "குதிக்காதே தம்பி, மொண்டு குளி."